ஒரு கோட் அடித்தால் சூடும் குறையும், துருவும் பிடிக்காதா? ஸ்பிரே கோட்டிங் சொல்வதும் செய்வதும்

“ஒரு கோட் ஸ்பிரே பண்ணிட்டா போதும் சார். உள்ளே பதினஞ்சு டிகிரி குறையும். ஷீட்டும் துருப்பிடிக்காது. ஒரே செலவு, ரெண்டு வேலை!”

மார்ச் பிறந்துவிட்டால் இந்த வசனம் தமிழ்நாட்டின் பட்டறைகளிலும் குடோன்களிலும் மாடி வீடுகளிலும் கேட்க ஆரம்பித்துவிடும். கேட்பவர் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கும் இளம் இன்ஜினியராக இருக்கலாம். ஊரில் தகர ஷீட் வீட்டில் இருக்கும் அப்பா அம்மாவுக்காக, சென்னையில் இருந்து பணம் அனுப்பும் மகளாகவும் இருக்கலாம். இருவருக்கும் ஒரே கேள்விதான். தீப்பெட்டி அட்டை அளவுகூடத் தடிமன் இல்லாத ஒரு பூச்சு, உண்மையிலேயே வெப்பத்தைத் தடுக்குமா? துருவையும் நிறுத்துமா?

சுருக்கமான பதில்: சில இடங்களில் நன்றாக வேலை செய்யும். சில இடங்களில் காசுக்குக் கேடு. எந்த இடத்தில் எது என்பதைப் புரிந்துகொள்ள மூன்று சொற்கள் போதும். வெண்மை, தடிமன், ஒட்டுதல். விற்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து ‘இன்சுலேஷன்’ என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது ஏன் இவ்வளவு பேச்சு?

முதல் காரணம் வெயில். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழப்பவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்பது அதன்பிறகு வந்த ஏற்பாடு. அதற்கு முன்பே, 2023 ஏப்ரலில் தெலங்கானா அரசு ‘கூல் ரூஃப்’ கொள்கையை வெளியிட்டது. 2028-க்குள் மாநிலத்தில் 300 சதுர கிலோமீட்டர் அளவுக்குக் குளிர்கூரைகள் அமைப்பது அதன் இலக்கு. அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் அங்கே இது கட்டாயம். வீடு என்றால் 600 சதுர கஜமும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குக் கட்டாயம். சிறிய வீடுகளுக்கு விருப்பம்.

இந்தியாவில் இதற்கு வழிகாட்டியது அகமதாபாத். 2010 மே மாத வெப்ப அலையில் அந்த நகரத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 1,344 பேர் இறந்ததாக ஆய்வு சொன்னது. அந்த அதிர்ச்சியில்தான் 2013-ல் நகரம் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. பின்னாளில் ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கும் வேலையும் அதில் சேர்ந்தது.

இரண்டாவது காரணம் துரு. 2016-ல் வெளியான சர்வதேச ஆய்வு ஒன்று, அரிப்பால் உலகத்துக்கு ஆண்டுக்கு ஏற்படும் இழப்பை 2.5 லட்சம் கோடி டாலர் என மதிப்பிட்டது. உலகின் மொத்த உற்பத்தியில் இது சுமார் 3.4 சதவீதம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள தமிழ்நாட்டுக்கு இதைப் புள்ளிவிவரமாகச் சொல்லத் தேவையில்லை. கடற்கரையில் இருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டு கேட்டைப் பார்த்தாலே தெரியும். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் உப்புக்காற்றோடு நூறாண்டுக்கு மேல் போராடியது. 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில், பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சு அடிக்கப்பட்டிருப்பது தனிச் செய்தியாகவே பேசப்பட்டது.

வெயிலும் துருவும் ஒரே கூரையைத் தாக்கும்போது, இரண்டுக்கும் ஒரே மருந்து என்று சொல்பவருக்குச் சந்தை கிடைப்பதில் ஆச்சரியமில்லை.

கூரையில் உண்மையில் வேலை செய்வது எது?

நடுப்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டர் கூரை மீது சுமார் 1,000 வாட் வெப்பம் விழுகிறது. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு இஸ்திரிப் பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். 1,000 சதுர அடி ஷெட் என்றால் கிட்டத்தட்ட 93 இஸ்திரிப் பெட்டிகள்!

துருப்பிடித்து மங்கிப்போன ஷீட் அதில் 70 முதல் 80 சதவீதத்தை உறிஞ்சிக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும்; உறிஞ்சுவது 20 சதவீதம்தான். அதாவது கூரைக்குள் நுழையும் வெப்பம் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகிறது. இது இன்சுலேஷன் இல்லை. வெப்பம் உள்ளே வந்தபின் தடுக்கவில்லை, வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. வேலை செய்தது வெண்மை.

அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, சாதாரண அடர்நிறக் கூரை கோடையில் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதே வெயிலில் பிரதிபலிக்கும் கூரை 28 டிகிரி வரை குளிர்ச்சியாக இருக்கும். விளம்பரங்களில் வரும் பெரிய எண்கள் பெரும்பாலும் இங்கிருந்து எடுக்கப்படுபவைதான். ஆனால் அது கூரையின் மேற்பரப்பு வெப்பம். வீட்டுக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் இல்லை.

வீட்டுக்குள் ஜன்னல் வழியாக வரும் காற்றே 38 டிகிரியில் இருக்கும். சுவரும் சூடாகும். அதனால் குளிர்கூரை போட்ட வீடுகளில் உள்ளே குறையும் வெப்பம் பொதுவாக 2 முதல் 5 டிகிரி என்றே இந்தத் துறையில் வேலை செய்யும் அமைப்புகள் சொல்கின்றன. ‘அவ்வளவுதானா?’ என்று தோன்றலாம். ஆனால் சீலிங் இல்லாத தகர ஷெட்டில் வேலை செய்பவருக்கு இந்த வித்தியாசம் தெர்மாமீட்டர் காட்டுவதைவிடப் பெரியது. 65 டிகிரியில் கொதிக்கும் ஷீட், அடியில் நிற்பவரின் தலை மீது நேரடியாக வெப்பக் கதிர்களைக் கொட்டும். ஷீட் 45 டிகிரிக்கு இறங்கினால் அந்த அனல் வெகுவாகக் குறையும். காற்றில் மூன்று டிகிரிதான் குறைந்திருக்கும், ஆனால் “மண்டை காயல”.

இங்கே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பளபளக்கும் சில்வர் பெயின்ட்டும் வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனால் உறிஞ்சிய கொஞ்ச வெப்பத்தை மறுபடி வெளியே கதிர்வீசி விடும் திறன் அதற்குக் குறைவு. வெள்ளைப் பூச்சு அதை எளிதாக வெளியேற்றும். அதனால் ஒரே வெயிலில் சில்வரைவிட வெள்ளைக் கூரையே குளிர்ச்சியாக இருக்கும். பிரதிபலிக்கும் திறன், வெளியேற்றும் திறன் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் எண்ணுக்கு எஸ்.ஆர்.ஐ என்று பெயர். தர அளவீட்டில் கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100.

இதன் உச்சத்தை 2021-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பேரியம் சல்ஃபேட் துகள்கள் கலந்த அவர்களின் பூச்சு 98.1 சதவீத சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பியது. உறிஞ்சுவதைவிட வானத்துக்கு வெளியேற்றுவது அதிகம் என்பதால், நல்ல வெயிலிலும் அந்தப் பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்தது. ஆனால் இப்படி வானத்துக்கு வெப்பத்தை அனுப்ப, நடுவில் இருக்கும் காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற புழுக்கமான ஊர்களில் அந்தக் கூடுதல் பலன் குறையும்.

அப்போ, ‘இன்சுலேஷன்’ என்பது?

இன்சுலேஷன் என்பது போர்வை. ஒரு பக்கத்துச் சூடு மறுபக்கத்துக்குக் கடத்தப்படுவதைத் தாமதப்படுத்துவது. இதை அளக்க ஒரே ஒரு வகுத்தல் போதும். தடிமனை, அந்தப் பொருள் வெப்பத்தைக் கடத்தும் திறனால் வகுக்க வேண்டும். வரும் எண்ணுக்கு ஆர்-மதிப்பு என்று பெயர். அதிகமாக இருந்தால் நல்ல போர்வை.

இந்தப் பூச்சுகளில் கண்ணுக்குத் தெரியாத சிறிய கண்ணாடி அல்லது செராமிக் குமிழ்கள் கலந்திருக்கும். உள்ளே காற்று அடைபட்டிருப்பதால் அவை வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் என்பது உண்மைதான். ஒரு பேச்சுக்கு, அந்தப் பூச்சின் கடத்துத்திறன் 0.05 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தடிமன் அரை மில்லிமீட்டர். ஆர்-மதிப்பு 0.01 வரும். 50 மில்லிமீட்டர் ராக்வுல் போட்டால்? அதன் கடத்துத்திறன் சுமார் 0.04. ஆர்-மதிப்பு 1.25. அதாவது 125 மடங்கு!

வேறு மாதிரிச் சொன்னால், அந்த அரை மில்லிமீட்டர் பூச்சு தரும் தடுப்பு, மொட்டை மாடி கான்கிரீட்டை 15 மில்லிமீட்டர் கூடுதலாகப் போட்டதற்குச் சமம். ஏரோஜெல் போன்ற உயர்தரப் பொருளைக் கலந்தாலும், பெயின்ட் தடிமனில் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. பொருள் நல்லதுதான், போர்வைதான் மெலிசு.

இந்தக் குழப்பம் இந்தியாவில் மட்டும் இல்லை. 2020 ஜூலையில் அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்.டி.சி, பூச்சுகளின் ஆர்-மதிப்பைப் பல மடங்கு உயர்த்திச் சொன்னதாக நான்கு நிறுவனங்கள் மீது வழக்குத் தொடர்ந்தது. வழக்கமான இன்சுலேஷனுக்கு மாற்றாக இத்தகைய பெயின்ட்களைத் தாங்கள் பரிந்துரைக்கவில்லை என அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சொல்லியிருக்கிறது.

‘நாசா டெக்னாலஜி’ என்கிறார்களே?

விண்வெளிக் கதை இந்தச் சந்தையில் அடிக்கடி வரும். ஆனால் அந்தக் கதையே எதிர்ச்சாட்சியும் சொல்கிறது. அமெரிக்க விண்வெளி ஓடங்களின் பெரிய எரிபொருள் தொட்டிக்குள் மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன் இருக்கும். அந்தத் தொட்டி மீது உண்மையிலேயே இன்சுலேஷனை ஸ்பிரே செய்தார்கள். ஆனால் அது பெயின்ட் இல்லை. சுமார் ஓர் அங்குலத் தடிமனுள்ள நுரை. முதல் இரண்டு பயணங்களில் அந்த நுரை மீது வெள்ளை பெயின்ட்டும் அடித்தார்கள். பிறகு அது தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். சுமார் 270 கிலோ எடை மிச்சமானது. தொட்டி அதன்பின் ஆரஞ்சு நிறத்தில் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். வெப்பத்தைத் தடுத்தது நுரையின் தடிமன். பெயின்ட் இல்லாமலும் வேலை நடந்தது.

அந்த நுரைக்கு இன்னொரு பாடமும் உண்டு. 2003 ஜனவரியில் கொலம்பியா ஓடம் கிளம்பியபோது, தொட்டியில் இருந்து பெயர்ந்த ஒரு நுரைத் துண்டு இறக்கையில் மோதியது. பிப்ரவரி 1 அன்று தரையிறங்கும்போது ஓடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். இன்சுலேஷன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது ஒட்டியிருந்தால்தான் பயன். ஒட்டுதல் என்ற அந்த மூன்றாவது சொல்லுக்குக் கீழே வருவோம்.

தொழிற்சாலைக் குழாய்களுக்கு இது சரிப்படுமா?

கூரையில் சூடு வெளியே இருந்து, வெயிலாக வருகிறது. ஆகவே வெண்மை உதவுகிறது. நீராவிக் குழாயில் சூடு உள்ளே இருந்து வருகிறது. அங்கே வெண்மைக்கு வேலையே இல்லை. தடிமன் மட்டும்தான் பேசும்.

150 டிகிரியில் ஒரு குழாய் போகிறது, பட்டறைக் காற்று 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குழாய் வெறுமனே இருந்தால் ஒரு சதுர மீட்டரில் இருந்து தோராயமாக 1,400 வாட் வீணாகும். பல அடுக்குகளாக 3 மில்லிமீட்டர் பூச்சு அடித்தால் இழப்பு 40 சதவீதம் வரை குறையலாம். 50 மில்லிமீட்டர் கம்பளி இன்சுலேஷன் சுற்றினால் 90 சதவீதத்துக்கு மேல் குறையும். எரிபொருள் செலவை மிச்சப்படுத்துவது மட்டுமே நோக்கம் என்றால் கம்பளிக்குத்தான் வெற்றி.

அப்படியானால் குழாய்களுக்கு இந்தக் கோட்டிங்கை ஏன் அடிக்கிறார்கள்? அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அதுதான் துரு.

கம்பளியைச் சுற்றி, மேலே அலுமினியத் தகடு போடுவது பழைய முறை. தகட்டின் இணைப்பில் சின்ன இடைவெளி விழுந்தால் போதும். மழைநீர் உள்ளே இறங்கும். கம்பளி அதை ஸ்பாஞ்ச் மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். அடியில் சூடான இரும்பு, ஈரம், காற்று, கடலோரமாக இருந்தால் உப்பு. துருவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. சாதாரண இரும்புக் குழாய்களில் உறைநிலைக்குச் சற்றுக் கீழே இருந்து சுமார் 175 டிகிரி வரை இந்த ஆபத்து உண்டு என்று எண்ணெய்த் துறையின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதற்கு மேல் சூடு தொடர்ந்து இருந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும். இதில் மோசமான விஷயம், வெளியே இருந்து பார்த்தால் தகடு பளபளவென்று இருக்கும். உள்ளே குழாய் காகிதம் மாதிரி மெலிந்திருக்கும். கசிந்த பிறகுதான் தெரியும். ரசாயன ஆலையில் கசிவு என்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மணலி, எண்ணூர், கடலூர், தூத்துக்குடி என்று தமிழ்நாட்டின் பெரிய ஆலைகள் பலவும் கடலோரத்தில் இருப்பதால் இது இங்குள்ள பராமரிப்புப் பிரிவுகளுக்குத் தினசரிக் கவலை.

ஸ்பிரே கோட்டிங் இரும்போடு நேரடியாக ஒட்டி நிற்கிறது. தண்ணீர் தேங்க இடைவெளி இல்லை. எங்காவது பெயர்ந்தால் கண்ணில் படும். தகட்டைக் கழற்றாமலே பரிசோதிக்கலாம். வால்வு, வளைவு, ஏணிப்படி போல கம்பளி சுற்ற முடியாத இடங்களிலும் அடிக்கலாம். தெரியாமல் கைபட்டால் தோல் வெந்துபோகும் வேகத்தையும் குறைக்கிறது. வெப்பத்தைக் குறைவாகத் தடுத்தாலும், விபத்தையும் மறைந்திருக்கும் துருவையும் தடுப்பதில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் பெரும்பாலான நீர்வழிப் பூச்சுகள் 150 முதல் 200 டிகிரிக்குள்தான் தாங்கும். அதற்கு மேல் போகும் பைப்லைனுக்கு இது பொருந்தாது.

ஏ.சி. பிளான்ட்டின் குளிர்நீர்க் குழாய்களில் கதை வேறு. 7 டிகிரியில் ஓடும் குழாய், சென்னைப் புழுக்கத்தில் வியர்த்துக் கொட்டும். வியர்வையை நிறுத்த வேண்டுமானால் வெளிப்பரப்பு சுமார் 26 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். குமிழ்ப் பூச்சில் அதைச் சாதிக்க கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் தடிமன் தேவைப்படும். ஒன்றிரண்டு மில்லிமீட்டரை அடித்துவிட்டு ‘இனி வியர்க்காது’ என்றால் நம்ப வேண்டாம்.

துரு நிற்பது பூச்சிலா, சுத்தத்திலா?

துரு என்பது ஒரு மின்வேதி வினை. இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி, மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை உப்புக்காற்றில் வைத்து ஆராய்வது இதைப் புரிந்துகொள்ளத்தான்.

பெயின்ட் இரண்டு வழிகளில் காப்பாற்றும். ஒன்று, தண்ணீரையும் காற்றையும் இரும்பிடம் விடாமல் மறிப்பது. இரண்டு, துத்தநாகம் கலந்த பிரைமர் என்றால், இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் தன்னை இழந்து இரும்பைக் காப்பது. ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காமல் இருப்பதும் இதனால்தான்.

குமிழ் கலந்த இன்சுலேஷன் பூச்சு இந்த இரண்டில் எதற்கும் தனியாகத் தயாரிக்கப்பட்டது இல்லை. அது பெரும்பாலும் தண்ணீரில் கரைந்த அக்ரிலிக். வெறும் இரும்பு மீது நேரடியாக அடித்தால், காய்வதற்குள்ளேயே மெல்லிய துரு பூக்கலாம். ஆகவே அடியில் துருத்தடுப்பு பிரைமர், நடுவில் குமிழ்ப் பூச்சு, மேலே மழையைத் தடுக்கும் டாப் கோட் என்று மூன்றும் வேண்டும். ‘ஒரே கோட்டில் ரெண்டு வேலை’ என்ற வசனம் உடைவது இங்கேதான்.

இதைவிட முக்கியமானது பெயின்ட் அடிப்பதற்கு முந்தைய வேலை. அனுபவமுள்ள பெயின்டர்கள் இதைத்தான் சொல்வார்கள்: “பெயின்ட்ல ஒண்ணும் இல்லங்க, தேய்க்கிறதுலதான் இருக்கு.” துருச் செதில் மீது அடித்த பூச்சு, செதிலோடுதான் ஒட்டியிருக்கும், இரும்போடு இல்லை. செதில் கழன்றால் பூச்சும் கழலும். கண்ணுக்குத் தெரியாத உப்பு இன்னும் மோசம். பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்ட உப்பு, வெளியே இருக்கும் ஈரத்தை உள்ளே இழுக்கும். சில மாதங்களில் கொப்புளம் வரும். கொப்புளம் உடைந்தால் அடியில் துரு.

அதனால் ஆலைகளில் மணல்போன்ற துகள்களை வேகமாகப் பீய்ச்சி இரும்பை வெளிறும்வரை சுத்தம் செய்கிறார்கள். வீட்டு கேட், ஷீட் என்றால் வயர் பிரஷ், உப்புத்தாள், பிறகு நல்ல தண்ணீரில் கழுவுதல், முழுவதும் காயவைத்தல். இன்னொரு விதியும் இருக்கிறது. இரும்பின் வெப்பம், பனி படியத் தொடங்கும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்கும்போதுதான் அடிக்க வேண்டும். கடலோர ஊர்களில் அதிகாலையில் ஈரம் படிந்த ஷீட் மீது அவசரமாக ஸ்பிரே செய்வது, காசை ஈரத்தின் மீது அடிப்பது மாதிரி.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் தனி எச்சரிக்கை. அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. பறக்கும் நார்த்துகள்கள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். நனைத்து, மென்மையாகக் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏறி நிற்பதும் ஆபத்து. ஷீட் உடைந்து விழுந்து இறந்தவர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது.

ஸ்பிரே ஃபோம் என்பதும் இதுதானா?

இல்லை. பாலியூரித்தேன் நுரையை ஸ்பிரே செய்வது வேறு தொழில்நுட்பம். அது 25 முதல் 50 மில்லிமீட்டர் வரை தடிமனாக உப்பி நிற்கும். உண்மையான இன்சுலேஷன் அது. குளிர்பதனக் கிடங்குகளில் அதிகம் பயன்படுகிறது. ஆனால் தீப்பிடித்தால் நச்சுப்புகை வரும். நெருப்புத் தடுப்பு உறை தேவை. வெயில் நேராகப் பட்டால் சில மாதங்களில் உதிரத் தொடங்கும். அடிக்கும்போது வரும் ஐசோசயனேட் ஆவி, தொழிலாளிக்கு ஆஸ்துமாவை வரவழைக்கலாம். துணி மாஸ்க் போதாது. துருப்பிடித்த ஷீட்டின் அடியில் இதை அடித்துவிட்டால், துரு எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்கவும் வழி இருக்காது.

பணம் கொடுப்பதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

• எத்தனை டிகிரி குறையும் என்று சொல்லும்போது, அது கூரையின் மேற்பரப்பிலா, வீட்டுக்குள் காற்றிலா? இரண்டும் வேறு வேறு.

• கூரைக்கு என்றால் எஸ்.ஆர்.ஐ எவ்வளவு? புதிதாக இருக்கும்போது மட்டுமா, மூன்று வருடத்துக்குப் பிறகும் அளந்திருக்கிறார்களா? தூசியும் பாசியும் படிந்தால் வெண்மை போகும். வருடம் ஒருமுறை கோடைக்கு முன் கழுவினால் பெரும்பகுதி திரும்பிவிடும்.

• குழாய்க்கு என்றால் கடத்துத்திறன் எவ்வளவு, காய்ந்த பிறகு தடிமன் எவ்வளவு, எத்தனை டிகிரி வரை தாங்கும்? ஆய்வகச் சான்று கேட்கலாம்.

• துருவுக்கு என்றால் அடியில் எந்த பிரைமர்? சுத்தம் செய்வது யார் பொறுப்பு? விலையில் அது சேர்ந்திருக்கிறதா? உத்தரவாதத்தில் ‘கடற்கரையில் இருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் பொருந்தாது’ என்ற வரி இருக்கிறதா?

• செயல்விளக்கத்தில் விளக்கைப் பிடித்துக் காட்டினால், ஒப்பீட்டுக்கு வெறும் தகடு வைக்கிறார்களா, சாதாரண வெள்ளை எக்ஸ்டீரியர் பெயின்ட் அடித்த தகடு வைக்கிறார்களா? இரண்டாவதோடு ஒப்பிட்டால்தான் கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது என்று தெரியும்.

• துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் காட்டினால், பளபளப்பான உலோகப் பரப்பில் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதை நினைவில் வைக்கவும். சில்வர் பெயின்ட்டின் ‘குளிர்ச்சி’ சில நேரம் மீட்டரின் பிழைதான்.

சொன்னது ஒன்று, கிடைத்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. அதற்கு எழுத்துப்பூர்வமான கொட்டேஷனும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருப்பது அவசியம். வாய்வார்த்தையில் சொன்ன பதினைந்து டிகிரிக்குச் சாட்சி கிடையாது.

அப்போ அடிக்கலாமா, வேண்டாமா?

வெயில் நேராக விழும் தகரக் கூரைக்கும் மொட்டை மாடிக்கும் வெள்ளைப் பூச்சு நிச்சயம் பயன். அதற்கு ‘இன்சுலேஷன்’ விலை கொடுக்கத் தேவையில்லை; நல்ல எஸ்.ஆர்.ஐ உள்ள எதுவும் போதும். கையில் காசு இல்லாதவர்களுக்குச் சுண்ணாம்பும் வேலை செய்யும், என்ன, மழைக்குப் பிறகு மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். கான்கிரீட் மாடியில் விரிசலும் ஒழுகலும் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். தடிமனான இன்சுலேஷன் தேவைப்படும் இடத்தில் சீலிங்கோ, தட்டோட்டுக்கு அடியில் போடும் போர்டோதான் தீர்வு. கடலோர ஆலையின் சூடான வால்வுக்கு ஒட்டி நிற்கும் பூச்சு நல்ல தேர்வு. நீண்ட நீராவி லைனுக்கு இல்லை.

இந்தக் கணக்கில் ஒருவரை மறந்துவிடுகிறோம். ஷெட்டுக்கு எந்தப் பூச்சு என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் ஏ.சி. அறையில் இருப்பவர். அந்த முடிவோடு எட்டு மணி நேரம் வாழ்பவர் ஷீட்டுக்கு அடியில் நிற்பவர். முழுக் கூரைக்கும் ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு எளிய சோதனை செய்யலாம். பக்கத்துப் பக்கத்தில் மூன்று ஷீட்டுகளைச் சுத்தம் செய்து, ஒன்றை அப்படியே விட்டு, ஒன்றுக்குச் சாதாரண வெள்ளை பெயின்ட்டும் இன்னொன்றுக்கு அந்த விலையுயர்ந்த கோட்டிங்கும் அடிக்க வேண்டும். மே மாதத்தில் ஒரு மதியம் இரண்டு மணிக்கு, அங்கே வேலை செய்பவரையே ஒவ்வொன்றின் அடியிலும் பத்து நிமிடம் நிற்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு மழைக்காலம் முடிந்ததும் துருவையும் பார்க்க வேண்டும். எந்த விளம்பரத்தைவிடவும் அந்த மூன்று ஷீட் சரியான பதிலைச் சொல்லும்.